கணிப்பொறியின் ஒலியளவும் விசைப்பலகையும்: ஒரு சிறுகருவியின் வரலாறு

கணிப்பொறியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பெரும்பொருள்களையே எடுத்துக்கொண்டனர். பொறிகளின் தலைமுறைகள், இயங்குதளங்களின் போட்டி, நிறுவனங்களின் ஏற்றத்தாழ்வு ஆகியன விரிவாக எழுதப்பெற்றுள்ளன. ஒரே ஒரு தொழிலைச் செய்தற்கென ஓரிருவர் எழுதிவைத்த சிறு செயலிகள் அவ்வரலாறுகளில் அடிக்குறிப்பாக இடம்பெறுதலும் அரிது. அவற்றுள் ஒன்று, விசைப்பலகையினாலேயே கணிப்பொறியின் ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் அடக்கவும் பயன்படும் கருவி. அது தோன்றி வளர்ந்தவாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழ்த்துறை இதழுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவார் உளராகலாம். அதற்குரிய விடை கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 'வால்யூம்' என்னும் ஆங்கிலச் சொல், சுருட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. முதலில் சுருளேட்டையும், பின்னர் நூற்பகுதியையும், அதன்பின் பருமனையும் குறித்து, இறுதியில் ஒலியின் மிகுதிக்கும் வழங்கலாயிற்று. இப்பொருள் வேறுபாட்டை நோக்காது, ஒலியைக் கூட்டும் பொத்தானுக்குத் 'தொகுதி' எனப் பெயர் பொறித்த மொழிபெயர்ப்புக்களை யான் கண்டதுண்டு. 'ஒலியளவு' என்பதே பொருந்திய சொல். நம் முன்னோரும் ஒலியை அளந்தனர். தொல்காப்பியர் மாத்திரையைக் கண்ணிமையாலும் கைந்நொடியாலும் வரையறுத்தார். இசைநூலார் மெலிவு, சமன், வலிவு என மூவகை இயக்கம் கொண்டனர். முன்னது கால அளவு. பின்னது சுருதியின் ஏற்ற இறக்கம். 'வலிவு' என்னும் சொல்லைக் கண்டு ஒலியின் உரப்பு எனப் பொருள்கோடல் பிழையாம். உரப்பினை எண்ணால் ஒப்பிடும் டெசிபெல் என்னும் அலகு, 1920-களில் அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர்களால் தம் தொழிற்றேவை கருதி வகுக்கப்பெற்றது.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில் சிறியதோர் ஒலிபெருக்கி இருந்தது. அதன் ஒலியளவை மாற்றுதற்கு வழியே வைக்கப்படவில்லை. 1989-இல் சிங்கப்பூரைச் சார்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்டு பிளாஸ்டர் என்னும் ஒலியட்டையை வெளியிட்டது. அவ்வட்டையின் விளிம்பில் விரலால் உருட்டும் சக்கரம் ஒன்று இருந்தது. அது பெட்டியின் பின்புறமாக வெளியே தெரியும். ஒலியைக் குறைக்க விரும்புவோர் எழுந்து குனிந்து பொறியின் பின்னே கைநீட்ட வேண்டியிருந்தது. 1991-இல் வந்த சவுண்டு பிளாஸ்டர் புரோ அட்டையில் கலப்புச் சில்லு ஒன்று அமைந்தமையால், ஒலியளவை மென்பொருள் வழியாகவே மாற்றுதல் இயல்வதாயிற்று. கருவி பிறத்தற்குரிய முதற்காரணம் இதுவாகும்.

இரண்டாம் காரணம் விசைப்பலகைப் பக்கத்திலிருந்து வந்தது. போர்லாண்டு நிறுவனம் 1984-இல் வெளியிட்ட சைடுகிக் என்னும் செயலி நினைவகத்திலேயே தங்கிக் கிடந்து, கண்ட்ரோல், ஆல்ட்டு ஆகிய இரு விசைகளும் ஒருங்கே அழுத்தப்பட்டபொழுது, நடந்துகொண்டிருந்த வேறு செயலின்மீது எழுந்து தோன்றிற்று. ஒரே காலத்தில் ஒரு செயலியே இயங்கவல்ல டாஸ் இயங்குதளத்தில் இஃது ஒரு புதுமை. முன்னே இயங்கும் செயலி எதுவாயினும், பின்னே நின்று குறித்த விசைக்கு மட்டும் செவிசாய்த்தல் என்னும் முறையை மக்கள் பழகியது இத்தகைய செயலிகளால்தான். பிற்கால ஒலியளவுக் கருவிகள் யாவும் இம்முறையின் வழிவந்தனவே.

விண்டோஸ் 95 திரையின் கீழ்மூலையில் ஒலிபெருக்கி வடிவக் குறி ஒன்றை வைத்தது. சுட்டியால் அதனைத் தொட்டால் அளவுகோல் தோன்றும். சுட்டியை நாடாமல் விசையாலேயே அதனை இயக்க விரும்பியோர், தாமே செயலி எழுதிக்கொண்டனர். அச்செயலியின் அமைப்பு எளிது. குறித்த விசைக்கூட்டு தனக்கு வேண்டுமென அது இயங்குதளத்தினிடம் பதிவு செய்துகொள்ளும். அக்கூட்டு அழுத்தப்படும்பொழுது இயங்குதளம் செய்தி அனுப்பும். செய்தி வந்ததும் செயலி நடப்பு ஒலியளவை வாங்கி, ஒருபடி கூட்டியோ குறைத்தோ திருப்பி அளிக்கும். வேறு செயலி அதே கூட்டினை முன்னரே பதிந்திருப்பின் பதிவு மறுக்கப்படும். தமிழில் தட்டெழுதுவோர் இத்தொல்லையை நன்கு அறிவர். என்.எச்.எம். ரைட்டர் முதலியன ஆல்ட்டு விசையோடு எண்விசையைச் சேர்த்தழுத்தித் தமிழுக்கு மாறுவன. ஒலியளவுக் கருவியும் அக்கூட்டினையே நாடின், இரண்டனுள் ஒன்று வாளாவிருக்கும்.

விண்டோஸ் 2000 இத்தொழிலுக்கெனத் தனி விசைகளையே ஏற்றுக்கொண்டது. அடக்குதலுக்கு 173, குறைத்தலுக்கு 174, கூட்டுதலுக்கு 175 என அவற்றிற்கு எண்கள் வகுக்கப்பெற்றன. இவ்விசைகள் அமைந்த பலகை உடையார்க்குச் சிறுகருவி வேண்டாததாயிற்று எனலாம். பழைய பலகையை விடமனமில்லாதார் பலர் இருந்தமையின் கருவி அழிந்துவிடவில்லை. 2003-இல் கிறிஸ் மாலெட்டு என்பார் ஆட்டோஹாட்கீ என்னும் கட்டற்ற மென்பொருளை வெளியிட்டார். ஆட்டோஇட்டு என்னும் முந்திய மென்பொருளில் விசைக்கூட்டு வசதி சேர்த்தல் வேண்டுமென்ற தம் கருத்துக்குப் போதிய வரவேற்பு இல்லாமையாலேயே அவர் தனியே எழுதத் தொடங்கினார். அதன்பின் ஒலியளவுக் கருவி ஒன்றைச் செய்தற்குப் பொறியாளராதல் வேண்டுவதின்று. ஓரிரு வரிகள் போதும்.

வரிகள் சிலவே யாயினும், அவற்றுள் ஒரு நுட்பச் சிக்கல் உண்டு. ஒருமுறை அழுத்தின் எவ்வளவு கூட்டுவது? அலைவீச்சினை நூறு கூறாக்கி, ஒவ்வோர் அழுத்தத்திற்கும் இரண்டு கூறு கூட்டுவதாகக் கொள்வோம். 2-லிருந்து 4-க்குச் செல்லும்பொழுது அலைவீச்சு இருமடங்காகிறது. அஃது ஏறத்தாழ 6 டெசிபெல் உயர்வு. 98-லிருந்து 100-க்குச் செல்லும்பொழுது உயர்வு 0.2 டெசிபெல்லுக்கும் குறைவு. மக்கட்செவி ஏறத்தாழ ஒரு டெசிபெல் வேறுபாட்டையே தெளிவாக உணரவல்லது. ஆகவே கீழ்ப்படிகளில் ஒலி துள்ளி எழும். மேற்படிகளில் விசை பழுதுற்றதோ என்னும் ஐயம் தோன்றும். புலனுணர்வு தூண்டலின் மடக்கையைப் பின்பற்றும் என்று பெக்னர் 1860-இலேயே எழுதினார். வானொலிப் பெட்டியின் திருகில் இதற்கேற்ற வளைவினைப் பொறியாளர் நெடுங்காலத்திற்கு முன்பே அமைத்துவிட்டனர். கணிப்பொறிச் செயலி எழுதப் புகுந்த புதியோர் பலர் இதனை மீண்டும் முதலிலிருந்தே தாமாகக் கண்டறிந்தது வியப்பே. ஒரு துறையில் தெளிந்த உண்மை அடுத்த துறையை அடைதற்கு இத்துணைக் காலம் பிடிப்பதை நம் பதிப்புத்துறையிலும் காண்கின்றோம்.

2007-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா இக்கருவிகளின் வரலாற்றில் ஒரு முறிவை உண்டாக்கிற்று. அதில் ஒலியமைப்பு முழுதும் புதிதாக எழுதப்பெற்றது. ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி ஒலியளவு வகுக்கப்பட்டது. பழைய முறையில் ஒலியளவை மாற்றக் கேட்கும் செயலி, தன்னுடைய ஒலியை மட்டுமே மாற்றவல்லதாயிற்று. ஒலியளவுக் கருவிக்குத் தனக்கென ஒலி ஏது? விசையை அழுத்தினால் கருவியின் எண் ஏறும். அறையில் ஒலி ஏறாது. ஏதோ ஒரு விளையாட்டுச் செயலி கணிப்பொறி முழுவதன் ஒலியையும் தன் விருப்பப்படி மாற்றிவிடும் தீமையைத் தடுத்தற்கே இம்மாற்றம் செய்யப்பெற்றது. நோக்கம் நல்லதே. ஆயினும் பயனாளர் தாமே விரும்பி அமைத்துக்கொண்ட கருவியும் அவ்வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டது. புதிய இடைமுகத்தைக் கொண்டு மீண்டும் எழுதப்பட்டவை பிழைத்தன. ஆசிரியர் கைவிட்டவை வழக்கொழிந்தன. 2012-இல் வந்த விண்டோஸ் 8, விசை அழுத்தும்தோறும் திரையின் இடப்புற மேல்மூலையில் ஒலியளவுப் பட்டை ஒன்றைக் காட்டத் தொடங்கிற்று. அதனை மறைத்தற்கெனவே மீண்டும் சிறுகருவிகள் எழுந்தன.

காட்டுதல் என்னும் இவ்விடத்தில்தான் இப்பொருள் என் கவனத்திற்கு வந்தது. சில ஆண்டுகளுக்குமுன் எம் துறையில் பார்வையற்ற முதுகலை மாணவர் ஒருவர் பயின்றார். மைக்கேல் கரன் என்பார் ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பானைக் கொண்டு அவர் உரைநூல்களைச் செவிவழிப் படிப்பார். அதனோடு வரும் இஸ்பீக்கு என்னும் பேச்சுப்பொறி தமிழையும் ஒலிக்கும். ஒலிப்பு இனிமையுடையதன்று, விளங்கும். ஒருநாள் துறை நூலகத்தில் அவர் பொறி பேசாதாயிற்று. அடக்குவிசை மாறுவிசை ஆதலின், ஒருமுறை அழுத்தின் அடங்கும், மறுமுறை அழுத்தின் எழும். தற்பொழுது எந்நிலையில் உள்ளது என்பதனைத் திரையிலுள்ள பட்டை கண்ணுடையார்க்கே அறிவிக்கும். அவர் அழுத்திக் காத்திருந்தார், மீண்டும் அழுத்தினார். திரைபடிப்பான் மறுமொழி கூறுதற்குச் சிறிது நேரம் பிடிப்பின், அதற்குள் அவர் கையே அதனை மீண்டும் அடக்கிவிடும். அருகில் எவரும் இல்லை. ஒரு மணி நேரம் கழிந்தது என்று பின்னர் எம்மிடம் கூறினார். மறுநாள் கருத்தரங்கில் அவர் படிக்க வேண்டிய கட்டுரை அப்பொறியில் இருந்தது.

அவ்வாரமே கணிப்பொறித்துறை மாணவர் ஒருவர் ஆட்டோஹாட்கீயில் சில வரிகள் எழுதித் தந்தார். அதில் மாறுவிசை இல்லை. ஒரு விசைக்கூட்டு, முன்னைய நிலை எதுவாயினும், அடக்கத்தை நீக்கி ஒலியளவை 40-இல் நிறுத்திச் சிறு மணியோசை ஒன்றை எழுப்பும். மற்றிரண்டு கூட்டுகள் கூட்டவும் குறைக்கவும் உரியன. ஒவ்வொரு படியிலும் அவையும் ஓசை எழுப்பும். குறைத்தல் 10-க்குக் கீழே இறங்காது. இவ்வரம்பினை வேண்டியவர் அம்மாணவரே. என்.வி.டி.ஏ. தன் கட்டளைகளுக்கு இன்சர்ட்டு விசையை ஆள்வதாலும், தமிழ் உள்ளீட்டுச் செயலி ஆல்ட்டு விசையோடு எண்விசைகளை ஆள்வதாலும், இரண்டும் தொடாத கூட்டினைத் தேடுதற்கே செயலி எழுதுவதைக் காட்டிலும் மிகுதியான நேரம் ஆயிற்று. இறுதியில் கண்ட்ரோல், ஷிப்ட்டு ஆகியவற்றோடு எப்9 முதல் எப்11 வரையுள்ள விசைகளைக் கொண்டனர்.

செவிப்பொறியை வேறு துளையில் செருகினால், ஒலி எவ்வழியே வெளிவருகின்றது என்பதனை இக்கருவி அறியாது. அம்மாணவர் அதனை அறிந்து, செவிப்பொறியை முன்னே செருகிய பின்னரே பொறியை இயக்குவார். எம் நூலகத்தின் இரு கணிப்பொறிகளில் அச்செயலி இன்றும் உள்ளது. அவர்க்குப்பின் வந்த இருவர் அதனைப் பயன்படுத்தினர். ஒருவர் 40 என்னும் அளவினை 55 ஆக்கிக்கொண்டார்.