கொச்சித் துறையின் அழையா விருந்தினர்

முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட யவனர் கலங்களை அகநானூறு போற்றுகின்றது. அக்கலங்களில் வந்த வணிகரைப் பற்றி எழுதினோர் பலர். கலத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு, கூலி கொடாமலே கடல் கடந்த சிற்றுயிர்களைப் பற்றி எழுதினோர் சிலரே. காக்கநாட்டிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் அவ்வரலாற்றையும் சிறிது அறிதல் நன்று.

இந்நாளில் வீட்டிலே கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போர் உளர். கடலிலிருந்து வந்த கல்லொன்றை அதில் இட்டால், சில வாரங்களில் அதன் இடுக்கிலிருந்து முன்பின் அறியாத புழுவோ நண்டோ சிப்பியோ தலைகாட்டும். அது தீங்கற்றதா, தொட்டியையே அழிக்க வல்லதா என்பது அதனை இன்னதென்று இனங்கண்ட பின்னரே விளங்கும். கொச்சித் துறைமுகமும் இத்தகைய பெருந்தொட்டியே எனலாம்.

1341-ஆம் ஆண்டின் பெரியாற்று வெள்ளத்தால் கொச்சி முகத்துவாரம் விரிந்தது என்பர். 1920-இல் இங்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, வாயிலை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி வழி செய்தார். 1928-இல் ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறை புகுந்தது. சரக்கில்லாத கப்பல் நிலைகுலையாதிருக்கத் தன் வயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். அந்நீரில் சிப்பிக் குஞ்சுகள் மிதந்து வரும். அடிப்புறத்தில் ஒட்டி வருவன வேறு.

2019-இல் கொச்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர் கொச்சிக் காயலில் சாரு மட்டி என்னும் புதிய சிப்பியை அறிவித்தனர். அதன் தாயகம் நடு, தென் அமெரிக்கக் கரைகள். ஓடு கருமையாகவும் பழுப்பாகவும் பசுமையாகவும் மாறி மாறித் தோன்றுவதால், நம் கல்லுமேல்காய் என்றே மயங்க இடமுண்டு. ஆகவே ஓட்டின் உட்புறத் தழும்புகளையும் மரபணுவையும் ஒப்பிட்டே இத்தகைய உயிர்களை உறுதி செய்வர். அஷ்டமுடி மீனவர் இதனை ‘வரத்தன் கக்கா’ என்றனர். எண்ணூர் மீனவர் ‘காக்கா ஆழி’ என்றனர். கொசத்தலையாற்றில் இறால் வாழும் சேற்றின்மேல் இது பாய் விரித்தாற்போற் படர்ந்தது. அவ்வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

காலத்தில் இனங்காண்பதன் பயனுக்குச் சான்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம். அங்கே 1999-இல் ஒரு படகுத்துறையில் அயல்நாட்டுக் கருவரிச் சிப்பியைக் கண்டவுடனே துறையை அடைத்து, மருந்திட்டுச் சில வாரங்களில் அடியோடு ஒழித்தனர். அதே இனம் விசாகப்பட்டினத்தில் 1967-இலேயே காணப்பட்டது. ஆனால் அங்கே நிலைத்துவிட்டது.

‘வரத்தன்’ என்னும் சொல் நம் செவிக்கும் புதிதன்று. எனினும் அயலிலிருந்து வந்தது என்பதொன்றே குற்றமாகாது. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்தவையே. அவையின்றி இன்று கேரளத்தில் உணவு ஏது? வந்த பின் யாது செய்கின்றது என்பதைக் கண்டே நன்று தீது துணிதல் வேண்டும்.

ஆதலின் அன்பர்களே, தொட்டி நீரையும் அதிலுள்ள உயிர்களையும் காயலில் கொட்டாதீர். சீனவலையில் புதியதோர் உயிரைக் கண்டதாக மீனவர் கூறின், அச்சொல்லைப் புறக்கணியாதீர். அதனைப் படம் எடுத்து, கண்ட இடமும் நாளும் குறித்து, இந்நகரத்துக் கடல் ஆய்வாளரிடம் சேர்ப்பியுங்கள். 1947-இல் தோன்றி மண்டபத்தில் வளர்ந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971-இல் தன் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றியது. நம்மைப் போன்றே தமிழ்க் கரையிலிருந்து வந்த அந்நிலையம் நம் பிள்ளைகளுக்கு அயலிடமாக இருத்தலாகாது.