நான்கு முறை, முப்பது நாள்: அமெரிக்க லெமன் சட்டங்களும் மின்வாகனமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் புதிதாக வாங்கிய கார் திரும்பத் திரும்பப் பழுதானால் வாங்கியவர் என்ன கேட்கலாம் என்ற கேள்விக்கு, இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பெரும்பாலும் கிடைத்த விடை, பழுதான உறுப்பை மாற்றித் தருவார்கள் என்பது மட்டுமே. கார் உற்பத்தியாளர் சங்கம் வகுத்த பொதுவான உத்தரவாத வாசகத்தை நிறுவனங்கள் தம் விற்பனைப் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டு வந்தன. 90 நாளோ 4,000 மைலோ, எது முந்துகிறதோ அதுவரை உறுப்பை மாற்றித் தருவதோடு தம் கடமை முடிந்தது என்றும், சட்டம் தானாகவே வழங்கும் பிற உத்தரவாதங்கள் எவையும் செல்லா என்றும் அவ்வாசகம் கூறியது. 1955 மே மாதத்தில் நியூ ஜெர்சியில் வாங்கப்பட்ட பிளிமத் கார் ஒன்று, கைக்கு வந்த பத்தாம் நாளில், 468 மைல் மட்டுமே ஓடியிருந்த நிலையில், ஸ்டியரிங் கட்டுக்கடங்காமல் போய்ச் சுவரில் மோதியது. அதன்பேரில் எழுந்த புளூம்ஃபீல்ட் மோட்டார்ஸ் வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம் 1960-இல் அளித்த தீர்ப்பு, பேரம் பேச இடமே தராத அச்சுப் படிவத்தைக் காட்டி வாங்குபவரின் உரிமையைப் பறிக்க முடியாது என்று உறுதிப்படுத்தியது.

அத்தீர்ப்பு விபத்தில் அடிபட்டவர்களுக்கு வழி திறந்ததே தவிர, யாரையும் காயப்படுத்தாமல் வெறுமனே ஓட மறுக்கும் காருக்கு விடை சொல்லவில்லை. அதற்கான விதி, மாநிலங்களின் வணிகச் சட்டங்களை ஒரே அச்சில் வார்ப்பதற்காக எழுதப்பட்ட சீரான வணிகச் சட்டத் தொகுப்பில் இருந்தது. லூசியானா நீங்கலாக எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட அதன் விற்பனைப் பகுதியின்படி, சரக்கின் மதிப்பைக் கணிசமாகக் குறைக்கும் குறை ஒன்று பின்னர் தெரியவந்தால், வாங்கியவர் தம் ஏற்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கேட்கலாம். ஆனால் குறையைச் சரிசெய்து தரும் வாய்ப்பு விற்றவருக்கும் உண்டு. அந்த வாய்ப்பு எதுவரை செல்லும் என்பதை, 1968-இல் அதே நியூ ஜெர்சியில் தீர்க்கப்பட்ட ஸாப்ரிஸ்கி செவ்ரலே வழக்கு ஆராய்ந்தது. காட்சிக்கூடத்திலிருந்து இரண்டரை மைல் தொலைவிலிருந்த வீட்டுக்குப் புறப்பட்ட புதிய கார், முக்கால் மைல்கூடத் தாண்டாமல் போக்குவரத்து விளக்கருகே நின்றுவிட்டது. பிறகு நின்று நின்று கிளம்பி, கடைசியில் மிகத் தாழ்ந்த கியரில், மணிக்கு ஐந்து முதல் பத்து மைல் வேகத்தில் ஊர்ந்து வீடு சேர்ந்தது. வாங்கியவர் வங்கியைத் தொடர்புகொண்டு காசோலையை நிறுத்திவைத்தார். விற்பனையாளரோ காட்சிக்கூடத்தில் நின்ற வேறொரு காரின் கியர்ப்பெட்டியைக் கழற்றி அதில் பொருத்தி, இப்போது எல்லாம் சரி என்று கூறி விலையைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. புதிய காரை வாங்குபவர் விலைகொடுத்துப் பெறுவதில் நம்பிக்கையும் ஒரு பகுதி என்றும், அது ஒருமுறை ஆட்டங்கண்டபின் உறுப்பை மாற்றுவதால் மட்டும் திரும்பாது என்றும் அது கருதியது.

சட்டக் கோட்பாடு இவ்வளவு தெளிந்த பிறகும், சாதாரண மனிதருக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. குறை கணிசமானது என்று மெய்ப்பிக்க இயந்திர வல்லுநரின் சாட்சியம் வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் காரின் விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கலிபோர்னியா 1970-இல் இயற்றிய சாங்-பெவர்லி சட்டமும், ஒன்றிய அரசு 1975-இல் நிறைவேற்றிய மாக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டமும் கட்டணச் சுமையைக் குறைத்தன. வழக்கில் வென்ற நுகர்வோரின் வழக்கறிஞர் செலவை நிறுவனத்தின்மீது சுமத்த அவை வழி வகுத்தன. எனினும் ‘நியாயமான எண்ணிக்கையிலான’ பழுதுபார்ப்பு முயற்சிகளுக்குப் பின் என்று சொன்ன அவை, அந்த எண்ணிக்கை எத்தனை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் இன்னுமொரு முறை வண்டியை விட்டுச் செல்லுங்கள் என்று சொல்லியே நிறுவனங்கள் காலத்தைக் கடத்த முடிந்தது.

1982-இல் கனெடிகட் மாநிலம், சட்டமன்ற உறுப்பினர் ஜான் வுட்காக்கின் முயற்சியால், அந்த எண்ணைச் சட்டத்திலேயே எழுதியது. ஓயாமல் பழுதாகும் காரை அமெரிக்கப் பேச்சுவழக்கில் லெமன் என்பதால், இவ்வகைச் சட்டங்களுக்கு அப்பெயரே நிலைத்தது. உத்தரவாதக் காலம் அல்லது முதல் ஓராண்டு, இவற்றில் முன்னதாக முடிவதற்குள், ஒரே குறைக்காக நான்கு முறை பழுதுபார்த்தும் அது தீரவில்லை என்றாலோ, பழுதின் பொருட்டு வண்டி மொத்தம் முப்பது நாள் பட்டறையில் கிடந்தாலோ, நியாயமான வாய்ப்பு தரப்பட்டுவிட்டது என்று அன்றைய சட்டம் அனுமானித்துக்கொண்டது. அதன்பின் உற்பத்தியாளர் வேறு கார் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இயந்திர அறிவு சிறிதும் இல்லாத ஒருவர், பட்டறையில் வண்டியை விடும்போதெல்லாம் எழுதித் தரப்படும் வேலைச்சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்தாலே போதும், வழக்கின் பாதி முடிந்துவிடும். இச்சட்டத்தின் பெருஞ்சாதனை இதுவே: குறை ஏன் வந்தது என்ற, நுகர்வோரால் விடைகூற இயலாத கேள்வியை ஒதுக்கிவிட்டு, எத்தனை முறை, எத்தனை நாள் என்று எவராலும் எண்ணிச் சொல்லக்கூடிய கேள்வியை அது முன்வைத்தது.

அடுத்துவந்த ஆண்டுகளில் மற்ற மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. உயிருக்கு ஆபத்தான குறையாயின் இரண்டு முயற்சிகளே போதும் என்ற கலிபோர்னியா, குறைக்காக முதன்முதலில் வண்டியைக் கொண்டுவரும்வரை ஓடிய மைல்களை 1,20,000-ஆல் வகுத்து, அந்த விகிதத்தை மட்டும் விலையில் கழித்துக்கொள்ள உற்பத்தியாளரை அனுமதித்தது. திரும்பப் பெற்ற கார் அடுத்தவர் தலையில் கட்டப்படாமலிருக்க, இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் அறிவிப்பு வில்லை ஒட்ட வேண்டும் என்ற விதியும் பின்னர் அங்கே வந்தது.

பொதுவாக இச்சட்டங்கள் குறையைப் பற்றிப் பேசினவே அன்றி, வண்டி எதனால் ஓடுகிறது என்று கேட்கவில்லை. ஆகவே மின்கார்கள் வந்தபோது புதிய சட்டம் இயற்றத் தேவை எழவில்லை. ஆயினும் எண்ணிக்கையை நம்பிய சட்டத்துக்கு, எண்ண முடியாத பழுதுகளை மின்கார் கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் செவ்ரலே போல்ட் கார்கள் அனைத்தையும், ஏறத்தாழ 1,40,000 வண்டிகளை, பழுதுநீக்கத்துக்கு அழைத்தது. ஆனோடிலுள்ள மின்னிணைப்பு நாக்கின் கிழிசலும், மின்முனைகளைப் பிரித்துவைக்கும் சவ்வின் மடிப்பும் ஒரே மின்கலத்தில் சேர்ந்து அமைந்தால் தீப்பற்றலாம் என்பது காரணம். 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள், இரவு முழுவதும் வீட்டுக்குள் சார்ஜில் விடாதீர்கள், பிற வண்டிகளிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்துங்கள் என்றெல்லாம் உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. வண்டி ஓடியது, பட்டறையில் ஒருநாள்கூட நிற்கவில்லை, ஆனால் விலைகொடுத்துப் பெற்ற பயன் முழுமையாகக் கிடைக்கவில்லை. சில உரிமையாளர்களிடமிருந்து நிறுவனம் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. மற்றவர்கள் மாற்று மின்கலத்துக்காகக் காத்திருந்தனர்.

வீட்டில் நிற்கும் வண்டிக்கு இணையவழியே அனுப்பப்படும் மென்பொருள் திருத்தம் இதைவிடச் சிக்கலானது. பிரேக் எச்சரிக்கை விளக்கு அணையாததற்கு மூன்று முறை மென்பொருள் மாற்றப்பட்டிருந்தாலும், வேலைச்சீட்டு ஒன்றும் எழுதப்படாததால், மூன்று முயற்சிகள் நடந்ததற்கான தாள்கூட உரிமையாளர் கையில் இருக்காது. அத்தகைய திருத்தங்களையும் எழுத்தில் பதிந்து தர வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை அல்ல.

மின்கலத்தின் தேய்மானம் இன்னொரு வகை. பல நிறுவனங்கள் அதற்கு 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் தருகின்றன; கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவதாகப் பலவும் உறுதியளிக்கின்றன. பெரும்பாலான மாநிலங்களின் லெமன் சட்டங்களோ ஓரிரு ஆண்டுகளைத்தான் காக்கின்றன. கலிபோர்னியாவோ உத்தரவாதம் உள்ளவரை உரிமையை நீட்டியிருந்தது. அங்கேயும் இப்போது எல்லை சுருங்கியுள்ளது. உத்தரவாதம் மீதமிருந்தாலும் பயன்படுத்திய காரை வாங்கியவர் புதிய காருக்கான பணத்திருப்ப உரிமையைக் கோர முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட திருத்தச் சட்டம், வண்டி முதன்முதலில் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது. 2025-இன் மறுதிருத்தத்தால், தாமாக முன்வந்து அச்சட்டத்தின் விதிகளை ஏற்ற உற்பத்தியாளர்களுக்கே அது பொருந்தும். அவர்களில் ஒருவரது மின்காரின் மின்கலம் ஏழாம் ஆண்டில் தளர்ந்து, பலமுறை பார்த்தும் சரியாகாமல் போனால், எட்டாண்டு உத்தரவாதம் நடப்பில் இருக்கும்போதே, அதை நிறைவேற்றும்படி அம்மாநில லெமன் சட்டத்தின் கீழ் வழக்காட உரிமையாளருக்கு வழியிராது.