பெஞ்சு எந்த இனம்?

'இனம் இனத்தோட, வெள்ளாடு தன்னோட' என்பார்கள். சட்டத்தை வாசிப்பதற்கும் இப்படியொரு விதி உண்டு. லத்தீனில் அதன் பெயர் 'எஜுஸ்டெம் ஜெனரிஸ்'. சில சொற்களைப் பட்டியலிட்டு இறுதியில் 'பிற' என்று முடித்தால், அந்தப் பொதுச்சொல் முன் சொன்னவற்றின் இனத்துக்குள் அடங்கவேண்டும். 'ஆடு, மாடு, பிற பிராணிகள்' என்றால் புலி சேராது. விதி அப்பாவியாகத்தான் தெரிகிறது. ஆனால் இனத்தின் எல்லையை வரைவது யார்?

1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் (1976 திருத்தத்தில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்), உணவு விடுதிகளில் பொதுமக்களுக்காக வைத்துள்ள 'பாத்திரங்களையும் பிற பொருட்களையும்' தீண்டாமையின் பேரால் மறுப்பதைக் குற்றமாக்குகிறது. திண்டிவனம் பக்கத்து டீக்கடைகளை மனதில் வைத்து இதை வாசிக்கிறேன். தனி டம்ளர் சிக்கிக்கொள்ளும். உட்கார விடாத பெஞ்சு? 'பெஞ்சு என்னா பாத்திரமா?' என்று கேட்டுவிடலாம். விதிப்படியே இந்தக் கேள்வி நிற்காது. ஒற்றைச் சொல்லை வைத்து இனம் கட்டமுடியாது. இங்கே பொருட்களை ஓரினமாக்குவது 'பொதுமக்களுக்காக' என்பதுதான்.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் 'கடை' என்றால் என்னவென்று கேட்டார்கள். நாடி வரும் எவருக்கும் சேவை தரத் தயாராயிருக்கும் இடம் என்று விரித்தார் அம்பேத்கர். 'பொது இடத்தில்' இடுகாடு சேருமா என்றார் நாகப்பா. பொதுப் பணத்தில் பராமரித்தால் சேரும் என்று பதில் வந்தது. 1955இல் இடுகாடும் முடிதிருத்தகமும் பெயரோடு சட்டத்தில் ஏறின. பொதுச்சொல்லை நம்பமுடியாதவர்களுக்குப் பட்டியல்தான் பாதுகாப்பு.

இப்போது விழுப்புரம் மாவட்டம் மேல்பாதிக்கு வருவோம். 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7இல் கோட்டாட்சியர் கோயிலுக்குச் சீல் வைத்தார். பயன்பட்டது அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145ஆம் பிரிவு. நிலம், நீர் பற்றிய தகராறுகளுக்கானது அது. அதில் 'நிலம் அல்லது நீர்' என்றால் கட்டிடம், சந்தை, மீன்பிடி, விளைச்சல் எல்லாம் அடங்கும். சாமி கும்பிடும் உரிமை வெள்ளாமைத் தகராறுக்குப் பங்காளியாகிவிட்டது.

ஒழுங்கைக் காக்க என்றால் சொல் தாராளமாக விரிகிறது. சமத்துவம் கேட்டால் இனம் பார்க்கச் சொல்கிறார்கள். 'பிற' என்ற சொல்லை வக்கீல்களிடம் மட்டும் விட்டுவைக்க முடியாது. புகார் எழுதும் தோழர்கள் டம்ளரோடு நிறுத்தவேண்டாம். பெஞ்சையும் எழுதுங்கள், 'பிற பொருட்கள்' என்றே.