கப்பலும் குழந்தையின் வயதும்

புதிய மாணவர் பதிவேட்டைத் திறக்கும் ஆசிரியர், பெயரை எழுதியதும் அடுத்துக் கேட்பது பிறந்த நாளையே. அந்த ஒரு விடையைக் கொண்டே, குழந்தை எந்த வகுப்பில் அமரும், எந்த நூலைப் படிக்கும், யாரோடு விளையாடும் என்பன எல்லாம் முடிவாகிவிடுகின்றன. பள்ளிக்கூடத்தைப் போலவே இவ்வினாவை நெடுங்காலமாகக் கேட்டு வந்த இடம் மற்றொன்றும் உண்டு. அது பயணிகள் கப்பல்.

இன்று சிங்கப்பூர்த் துறைமுகத்தில் உல்லாசக் கப்பலேறும் குடும்பத்தினர், அக்கப்பலில் சிறுவர் மன்றம் என்னும் பகுதியைக் காண்பர். குழந்தைகள் அங்கு வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டுப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். பெற்றோர் இதனைப் பொழுதுபோக்கிற்குரிய ஓர் ஏற்பாடு என்றே கருதுவர். ஆயினும், அம்மன்றத்தின் வாயிலில் எழுதப்பட்டிருக்கும் வயதெண்களுக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கின்றது. வயதைக் கொண்டே வகுப்பமைக்கும் ஆசிரியர்களாகிய நமக்கும் அவ்வரலாறு பயன்தரும் என்னும் எண்ணத்தால் அதனை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

அரை ஆளாக எண்ணப்பட்ட குழந்தை

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அயர்லாந்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பிழைக்க வழி தேடி மக்கள் குடும்பம் குடும்பமாக அட்லாண்டிக் மாகடலைக் கடந்தனர். கப்பல் முதலாளிகள் இயன்ற மட்டும் ஆட்களை அடைத்து ஏற்றினர். 1847 ஆம் ஆண்டில் கனடாவை நோக்கிச் சென்ற கப்பல்களில் காய்ச்சல் பரவிற்று. கடலிலும், கரை சேர்ந்த பின்னரும் மாண்டவர் பல்லாயிரவர். இந்நிலையைத் திருத்தும் பொருட்டு பிரிட்டனின் நாடாளுமன்றம் அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றியது.

அவற்றுள் 1855 ஆம் ஆண்டின் பயணிகள் சட்டம் குறிப்பிடத்தக்கது. ஒரு கப்பலில் எத்தனை பேரை ஏற்றலாம், அவர்களுக்கு எவ்வளவு இடமும் நீரும் உணவும் தரவேண்டும் என்பவற்றை வரையறுக்க, ‘சட்டப்படியான முழு ஆள்’ என்னும் ஓர் அளவை அச்சட்டம் கொண்டது. 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர் ஒரு முழு ஆள். ஒன்று முதல் 12 வரையுள்ள குழந்தைகள் இருவர் சேர்ந்தால் ஒரு முழு ஆள். ஓராண்டு நிரம்பாத கைக்குழந்தை கணக்கிலேயே வாராது.

ஆகவே, கப்பல் முதன்முதலில் குழந்தையின் வயதைக் கேட்டது கட்டிலையும் சோற்றையும் பங்கிடுவதற்காகவேயாம். இதனைக் குறைகூறுவதற்கில்லை. வரையறை இல்லாத காலத்தில் குழந்தைக்குரிய பங்கு முதலாளியின் மனத்தைப் பொறுத்திருந்தது. வரையறை வந்தபின் பாதிப் பங்காயினும் உறுதியாகக் கிடைத்தது. ஆனால், இரண்டு வயதுக் குழந்தையும் பதினொரு வயதுச் சிறுவனும் அக்கணக்கில் ஒரே அளவினர். அவர்களிடையே உள்ள வேற்றுமையைக் கப்பல் அன்று காணவில்லை. காண வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

படகின் விளிம்பில் ஒரு வயது

வயதுக்கோடு உயிரையே நிறுத்துப் பார்த்த வேளைகளும் கடல் வரலாற்றில் உண்டு. 1852 ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கக் கரையருகே பர்க்கன்ஹெட் என்னும் படைக்கப்பல் பாறையில் மோதி உடைந்தது. போர்வீரர்கள் தளத்தில் அணிவகுத்து நிற்க, பெண்டிரும் குழந்தைகளும் படகேற்றப்பட்டனர். பெண்டிரும் பிள்ளைகளும் முதலில் என்னும் மரபு மக்கள் மனத்தில் வேரூன்ற இந்நிகழ்ச்சி பெரிதும் காரணமாயிற்று. ஆயின், பிள்ளை எனப்படுவோர் எத்தனை வயது வரையினர்?

இவ்வினா 1912 ஏப்ரல் 14 ஆம் நாள் நள்ளிரவில் டைட்டானிக் கப்பலில் எழுந்தது. கப்பலில் இருந்தோர் ஏறத்தாழ 2,200 பேர். இருந்த 20 உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்கே இடமிருந்தது. இடப்பக்கத்துப் படகுகளுக்குப் பொறுப்பேற்றிருந்த அதிகாரி லைட்டாலர், தாயோடு வந்த 13 வயதுச் சிறுவன் ஒருவனைத் தடுத்தார். அவன் பதின்மூன்றே வயதினன், தாயோடு செல்வான் என்று தந்தை எடுத்துரைத்த பின்னரே வழிவிட்டார். அதன்பின் சிறுவர் எவரையும் ஏற்றலாகாது என்றும் ஆணையிட்டார். அத்தாயார் பின்னர் அமெரிக்க மேலவை விசாரணைக்கு அளித்த உறுதிமொழிப் பத்திரத்தில் இச்செய்தி பதிவாகியுள்ளது. மகன் பிழைத்தான், தந்தை கப்பலோடு மூழ்கினார்.

அதே இரவில் வயதைவிட வலிய கோடு ஒன்றும் இருந்தது. அது பயணச்சீட்டின் வகுப்பு. முதல் இரண்டு வகுப்புகளின் குழந்தைகள் ஏறத்தாழ அனைவரும் காக்கப்பட்டனர். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேருள் 27 பேரே பிழைத்தனர் என்பது பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையின் கணக்கு. வயது ஒன்றாயிருந்தும் விதி ஒன்றாகவில்லை.

ஓவிய அறையும் திறந்த தளமும்

இரு பெரும் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கப்பல்கள் மிதக்கும் மாளிகைகளாயின. 1935 ஆம் ஆண்டில் முதற்பயணம் மேற்கொண்ட பிரெஞ்சு நாட்டு நார்மண்டி கப்பலில், முதல் வகுப்புக் குழந்தைகளுக்கெனத் தனி உணவறையே இருந்தது. பாபர் என்னும் யானைக் கதைகளைப் படைத்த ழான் தெ புரூனோஃப் அவ்வறையின் சுவர்களில் தம் யானைகளைத் தீட்டியிருந்தார். மறு ஆண்டு கடலேறிய குயின் மேரியிலும் குழந்தைகளுக்கு விளையாட்டறைகள் அமைந்தன. ஆயினும், குழந்தைகளைப் பிரித்தது அப்போதும் பெற்றோரின் சீட்டே. ஓரறைக்குள் மூன்று வயதினரும் பத்து வயதினரும் ஒன்றாகவே விளையாடினர்.

இதே காலத்தில் நம் கடலில் ஓடிய கப்பலையும் நினைவுகூர்தல் தகும். 1926 இல் கட்டப்பட்ட ரஜூலா, சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கு 1973 வரை நம் முன்னோரை ஏற்றி வந்தது. அவர்களுள் மிகப் பலர் தளப் பயணிகள். தங்கள் பாயைத் தாங்களே விரித்து, மூட்டை முடிச்சுகளுக்கிடையே நாள்களைக் கழித்தவர்கள். அவர்களுடைய குழந்தைகளுக்குத் தளமே தொட்டில், தளமே ஆடுகளம். அக்காள் இடுப்பில் தம்பி இருப்பான். அண்ணன் ஆடும் ஆட்டத்தை மற்றவர் பார்த்துக் கற்பர். அந்நெருக்கடியைப் புகழ்வது நம் நோக்கமன்று. அது வறுமையின் பயணம். எனினும், மூத்த குழந்தை இளைய குழந்தைக்கு ஆசிரியராகும் வாய்ப்பு அத்தளத்தில் இயல்பாகவே இருந்தது. இதனைப் பின்னர் மீண்டும் எண்ணிப் பார்ப்போம்.

பயணம் இன்பமாக மாறியபோது

1958 ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. ஐந்து நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. ஊர் சேர்வதற்காகக் கப்பலேறுவோர் விரைவில் அருகினர். கப்பல் நிறுவனங்கள் பிழைக்க வேண்டுமாயின், கடலில் இருப்பதையே இன்பமாக்க வேண்டியிருந்தது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் மயாமி நகரைத் தலைமையிடமாகக் கொண்டு கரீபியக் கடலில் இத்தொழில் வளர்ந்தது. ராயல் கரீபியன், கார்னிவல் ஆகிய நிறுவனங்கள் அக்காலத்தில் தோன்றியவை.

தொடக்கத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் முதியோரும் புதுமணத் தம்பதியரும் ஆவர். குழந்தையுள்ள குடும்பங்களை ஈர்க்கும் முயற்சி 1980களில் வலுப்பெற்றது. ஃபுளோரிடாவின் கனாவரல் துறையிலிருந்து புறப்பட்ட பிரிமியர் நிறுவனத்தின் சிவப்புக் கப்பல்கள் டிஸ்னி பூங்காவையும் கடற்பயணத்தையும் ஒரே விடுமுறையில் இணைத்துக் காட்டின. பின்னர் டிஸ்னி நிறுவனமே சொந்தமாகக் கப்பல் கட்டி, 1998 ஜூலையில் டிஸ்னி மேஜிக்கைக் கடலில் விட்டது. நம் பக்கத்தில் 1993 இல் தோன்றிய ஸ்டார் குரூசஸ் நிறுவனம் சிங்கப்பூர், மலேசியக் குடும்பங்களுக்கு இப்பயணத்தை அறிமுகப்படுத்தியது.

குழந்தைகள் நூற்றுக்கணக்கில் வரத் தொடங்கியதும் ஒரே விளையாட்டறை போதாமற்போயிற்று. மூன்று வயதுக் குழந்தை பந்தடிபட்டு அழுதது. பதின்மூன்று வயதினன் பொம்மைகளைக் கண்டு முகஞ்சுளித்தான். எனவே வயதுப் பிரிவுகள் தோன்றின. கார்னிவல் நிறுவனம் வகுத்த பிரிவுகள் 2 முதல் 5, 6 முதல் 8, 9 முதல் 11, 12 முதல் 14, 15 முதல் 17 என்பன. மற்ற நிறுவனங்களின் பிரிவுகள் ஓரிரு வயது முன்பின்னாக இருப்பினும் அமைப்பு ஏறத்தாழ இதுவே. சிறியோர்க்குப் பென்குயின், திருக்கை, சுறா எனக் கடலுயிர்களின் பெயர் சூட்டுவர்; பதின்ம வயதினர்க்கோ அத்தகைய பெயர்களைத் தவிர்ப்பர். தம்மைக் குழந்தைகளாகக் கருதுவதை அவ்வயதினர் பொறுப்பதில்லை என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர்.

கோடுகள் எங்கிருந்து வந்தன?

இப்பிரிவுகளைக் கப்பல் நிறுவனங்கள் தாமே கண்டுபிடித்தன அல்ல. கரையிலிருந்து கொண்டு சென்றன. ஃபுரோபல் 1837 இல் செருமனியில் தொடங்கிய பாலர் பள்ளி, ஆறு வயதுக்கு முற்பட்ட பருவம் தனித்தன்மை உடையது என்று உலகிற்கு உணர்த்தியது. சாரணர் இயக்கம் 1916 இல் சிறுவர்க்கெனக் குருளையர் படையைத் தனியே அமைத்தது. குழந்தையின் சிந்தனை ஏறத்தாழ இரண்டு, ஏழு, பதினொன்று ஆகிய வயதுகளை ஒட்டி மாறுகிறது என்று பியாசே ஆராய்ந்துரைத்தார். பயிற்சிக் கல்லூரிகளில் நாம் பயின்ற இக்கருத்துகளின் நிழல் கப்பலின் சிறுவர் மன்றத்திலும் விழுந்திருக்கின்றது.

ஆயினும், எல்லாக் கோடுகளும் கல்விக்காக வரையப்பட்டவை அல்ல. பல கப்பல்களில் மன்றத்திற் சேர மூன்று வயது நிரம்ப வேண்டும்; கழிவறைப் பழக்கமும் கைவந்திருக்க வேண்டும். அடைபட்ட இடத்தில் வயிற்றுப்போக்கு நோய் விரைந்து பரவும் என்னும் அச்சமும், மிகச் சிறிய குழந்தைகளுக்குக் கூடுதல் பணியாளர் வேண்டும் என்னும் செலவுக் கணக்குமே இதற்குக் காரணம். தாமே கையொப்பமிட்டு வெளியேறப் பெரிய பிள்ளைகளுக்குப் பெற்றோர் இசைவோடு உரிமை வழங்குவதும் பாதுகாப்பு பற்றியதே. 1855 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கர் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அவர் இன்று மன்றத்தின் வாயிலில் அமர்ந்திருக்கிறார்.

இங்கு நம் இலக்கிய மரபையும் ஒப்புநோக்கலாம். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுக்குப் பாட்டியல் நூல்கள் மாதக் கணக்குக் கூறுவதுண்டு. ஆனால், பருவங்களுக்குப் பெயரிட்டபோது அந்த எண்களை இடவில்லை. சப்பாணி என்றால் கைகொட்டுதல். வருகை என்றால் தளர்நடையிட்டு வருதல். சிறுபறை என்றால் பறை முழக்குதல். சிறுதேர் என்றால் தேருருட்டுதல். குழந்தை என்ன செய்ய வல்லது என்பதே பெயராயிற்று. எண் துணைநின்றது, செயல் தலைமை தாங்கியது.

நமக்குரிய பாடம்

வயதுக்கோடு பிரிக்கும்போது இழப்பும் ஒன்று நேர்கிறது. எட்டு வயது அண்ணனும் ஐந்து வயதுத் தங்கையும் ஒரே அறையில் உறங்கி, ஒரே மேசையில் உண்டு, மன்றத்தின் வாயிலில் பிரிகின்றனர். கூச்சமுடைய தங்கைக்கு அண்ணனே துணிவு. அத்துணிவு அங்கே பறிபோகிறது. இதனை உணர்ந்தமையாற் போலும், டிஸ்னி மேஜிக்கில் முதலில் 3 முதல் 8 வயதினர்க்கும் 9 முதல் 12 வயதினர்க்கும் எனப் பிரிக்கப்பட்டிருந்த இரு கூடங்களும் பின்னாளில் இரு சாரார்க்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்டன. மாண்டிசோரி அம்மையார் 1907 இல் ரோமில் தொடங்கிய பள்ளியிலும் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளோர் ஒன்றாகவே பயின்றனர். ரஜூலாவின் தளத்தில் வறுமையால் நேர்ந்ததை இவர்கள் அறிந்தே அமைத்தனர்.

மாணவர் எண்ணிக்கை குறைந்த நம் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஓரறையில் அமர்த்திக் கற்பிக்க நேர்கின்றது. அதனை நாம் குறையாகவே பேசி வருகிறோம். ஆசிரியருக்கு அது பெருஞ்சுமை என்பதில் ஐயமில்லை. எனினும், மூன்றாம் ஆண்டு மாணவி இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு எழுத்துக்கூட்டிப் படித்துக்காட்டுகையில், கற்பித்தவளும் கற்றவனும் ஒருங்கே வளர்வதைக் கண்ட ஆசிரியர் பலர் நம்மிடையே உள்ளனர். அக்காட்சியைத் தற்செயலாக விடாமல் பாடத்திட்டத்திலேயே அமைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

வயதுப் பிரிவு இன்றி நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் காத்தல் கப்பலுக்கும் இயலாது, பள்ளிக்கும் இயலாது. கோடு வேண்டும். ஆனால், அக்கோட்டை வரைந்தது எந்தத் தேவை என்பதை வரைந்தவர் மறத்தலாகாது. இடத்திற்காக வரைந்ததைக் கல்விக்கென்று மயங்குதலும், காவலுக்காக வரைந்ததை வளர்ச்சிக்கென்று நம்புதலும் குழந்தைக்கு இழைக்கும் பிழையாகும். டைட்டானிக் தளத்தில் நின்ற அதிகாரி ஒரு சிறுவனின் வயதை மறுமுறை எண்ணிப் பார்த்தார். ஓர் உயிர் பிழைத்தது. நம் முன் நிற்கும் குழந்தைக்கு அத்தகைய இடர் இல்லை. எனினும், வகுப்பிற் பின்தங்கியவன் என்று ஒதுக்கப்படும் பிள்ளை, ஆண்டின் இறுதியிற் பிறந்தவனாகவும் இருக்கலாம்.

பதிவேட்டில் பிறந்த நாளை எழுதும்போது, அதனருகே அக்குழந்தை இன்று எதைச் செய்ய வல்லது என்பதற்கும் ஒரு கட்டம் ஒதுக்குவோமாக.