குதிரை லாயத்துப் பள்ளிக்கூடம்



அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறைகளுக்கு நடுவே நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் இருக்கிறது. 1951-இல் தொடங்கிய அந்த நிறுவனம்தான் மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்களை மலிவு விலைக்குத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனது. பக்கத்து ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அதே ஆவடியில் 1980களில் சோவியத் உரிமம் பெற்று டி-72 டாங்கி தயாரானது. டாங்கி வந்த கதைக்கு ஆவணம் உண்டு. பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வந்த கதையை நாம்தான் எழுத வேண்டும்.

அந்தப் புத்தகங்களுக்குப் பின்னால் பெரியதொரு சிறார் இதழ் உலகம் இருந்தது. ‘முர்சில்கா’, ‘பியோனேர்’ இரண்டும் 1924-இல் தொடங்கியவை. பிள்ளைகளுக்கு எந்தக் கதையைச் சொல்வது என்பது அங்கே அரசியல் கேள்வி. லெனினின் மனைவி குரூப்ஸ்கயா 1928-இல் ‘பிராவ்தா’வில் சுக்கோவ்ஸ்கியின் ‘முதலை’ என்ற கதைப்பாட்டைக் கண்டித்து எழுதினார். கார்க்கி அதை மறுத்து எழுதினார். 1945-இல் முர்சில்காவில் ஸோஷென்கோவின் குரங்குக் கதை வந்தது. குண்டு விழுந்து மிருகக்காட்சிசாலை இடிய, கூண்டிலிருந்து தப்பிய குரங்கு ஊருக்குள் சுற்றுகிறது. அவ்வளவுதான் கதை. மறு ஆண்டு ‘ஸ்வெஸ்தா’ அதை மறுபிரசுரம் செய்ததும், சோவியத் வாழ்வைவிடக் கூண்டே மேல் என்கிறதா இந்தக் கதை என்று ஸ்தானவ் பாய்ந்தார். ஸோஷென்கோ எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். ஒரு குரங்கைக்கூட அந்த அரசால் தாங்க முடியவில்லை. இதை மறைத்துவிட்டு அந்த நூல்களைக் கொண்டாடுவது நமக்கு அழகல்ல.

ஆனால் நம் பக்கம் என்ன இருந்தது? 1947 முதல் ‘அம்புலிமாமா’ வந்தது. ராஜா, மந்திரி, வேதாளம். உழைக்கிறவன் கதையின் நடுவில் நிற்பதைப் பிள்ளைகள் பார்க்க மாஸ்கோவிலிருந்து புத்தகம் வரவேண்டியிருந்தது.

ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ குறுநாவலை எடுத்துக்கொள்வோம். 1924, கிர்கீஸிய மலைக்கிராமம். எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டுமே தெரிந்த துய்ஷேன், பாழடைந்த குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்குகிறான். குளிரில் பிள்ளைகளைச் சுமந்து ஓடையைக் கடக்கிறான். குதிரையில் போகும் பணக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். சித்தி விற்றுவிட்ட அநாதைப் பெண் அல்தினாயை மீட்டுப் படிக்க அனுப்புகிறான். லாயத்துச் சுவரில் லெனின் படம் தொங்குகிறது. கட்சியின் பாடம் அதில் தெளிவாகவே இருக்கிறது. சாதி கிடையாது. ஏழைப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று கேட்கும் அவசியம் அந்தக் கதைக்கு இல்லை. வர்க்கம் ஒழிந்தால் சாதி தானே போகும் என்று நம்பிய நம்மூர்த் தோழர்களுக்கு அது வசதியாகவும் போயிற்று.

பல ஆண்டுகள் கழித்து அதே ஊரில் புதுப் பள்ளித் திறப்பு விழா. கல்விமானாகிவிட்ட அல்தினாய் சிறப்பு விருந்தாளி. விருந்து நடக்கிற நேரத்தில் கிழட்டுத் தபால்காரர் ஒருவர் வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவருகிறார். அவர்தான் துய்ஷேன். உள்ளே வராமல் தந்திகளைக் கொடுத்துவிட்டு, மீதித் தபாலைச் சேர்க்கக் குதிரையேறிப் போய்விடுகிறார். அவர் வாத்தியாராக இருந்த காலத்தைச் சொல்லி உள்ளே சிரிக்கிறார்கள். அல்தினாய் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

பந்தி உள்ளே, பள்ளிக்கூடம் கட்டியவர் வெளியே. சேரியிலிருந்து படிக்கவந்த நாம் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத்தான் மறுபடி எடுத்தோம்.