ஒரு சதுர மீட்டர் மேடை

1991 டிசம்பர். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் சான் அன்டோனியோ என்கிற நகரம். 'ஹைப்பர்டெக்ஸ்ட்' துறையின் பெரிய தலைகளெல்லாம் ஒரு மாநாட்டுக்காக அங்கே கூடியிருந்தார்கள். ஜெனீவாவிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். டிம் பெர்னர்ஸ் லீ, ராபர்ட் கய்யோ. அவர்கள் அனுப்பிய கட்டுரையை மேடையேற்ற மாநாட்டுக் குழுவுக்கு மனம் வரவில்லை. வேண்டுமானால் போஸ்டரும் செயல்விளக்கமும் வைக்கிற பக்கம் ஓர் இடம் தருகிறோம், வருகிறவர்களுக்குக் காட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் காட்ட வந்த சரக்கின் பெயர் வேர்ல்ட் வைட் வெப்.

அந்தக் குழுவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நமக்குச் சுவாரசியம் வேறு இடத்தில் இருக்கிறது. மேடை கிடைக்காதவர்களுக்கு ஓரத்தில் ஒரு சுவர் தருகிற இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

அதற்கு 1969-க்குப் போகவேண்டும். ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்திய மாநாட்டில்தான் போஸ்டர் அமர்வு என்பது முதன்முதலாக அரங்கேறியது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து, 1974-ல் மினியாபொலிஸ் நகரில் உயிர்வேதியியல்காரர்களும் உயிர்இயற்பியல்காரர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் அமெரிக்காவும் அதைப் பிடித்துக்கொண்டது.

காரணம் ரொம்ப எளிது. கூட்டம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். எல்லோருக்கும் ஆளுக்குப் பத்து நிமிடம் என்று பிரித்துக் கொடுத்தாலும் அறை போதாது, நாள் போதாது. போதாக்குறைக்கு விளக்கை அணைத்துவிட்டு வேகவேகமாக ஸ்லைடு தள்ளினால் யாருக்கு என்ன புரியும்? கேள்வி கேட்கலாம் என்று கையைத் தூக்குவதற்குள் அடுத்த ஆள் மைக்கைப் பிடித்திருப்பார்.

அதற்குப் பதில் இப்படிச் செய்தார்கள். உன் ஆராய்ச்சியைப் பலகையில் ஒட்டு. பக்கத்தில் நில்லு. விருப்பமுள்ளவர் வருவார், கேட்பார், சண்டை போடுவார். கவனியுங்கள். போஸ்டர் பிறந்தது படிப்பதற்காக மட்டும் அல்ல. பேசுவதற்காக.

அந்தக் காலத்துப் போஸ்டரில் டிசைன் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. டைப் அடித்த தாள்கள், கையால் வரைந்த கிராஃப், புகைப்படங்கள். எல்லாவற்றையும் கலர் அட்டையில் ஒட்டி, மாநாட்டு ஊருக்குச் சுமந்துபோய்ப் பலகையில் ஒவ்வொன்றாகக் குண்டூசி குத்தவேண்டும். தலைப்பு கோணலாகப் போனால் மறுபடி பிடுங்கிக் குத்தவேண்டியதுதான்.

இந்தத் தொல்லையை ஒழித்தவை இரண்டு. ஒன்று மென்பொருள், இன்னொன்று மை.

1987-ல் ஃபோர்தாட் என்கிற சின்னக் கம்பெனி, மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக பவர்பாயிண்ட் என்ற மென்பொருளை வெளியிட்டது. கறுப்பு வெள்ளைதான். புரொஜெக்டரில் வைக்கிற கண்ணாடித் தாள் தயாரிப்பதற்கு உருவானது. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. இதைப் போஸ்டருக்கு என்று யாரும் செய்யவில்லை. விஞ்ஞானிகள்தான் ஒரே ஒரு ஸ்லைடைச் சுவர் அளவுக்கு இழுத்து அதைப் போஸ்டர் ஆக்கிக்கொண்டார்கள். இழுப்பதற்கும் எல்லை உண்டு. 56 அங்குலத்துக்கு மேல் பவர்பாயிண்ட் ஸ்லைடு நீளாது. அமெரிக்க மாநாடுகள் சிலவற்றில் கேட்கிற ஆறு அடி போஸ்டர் வேண்டுமென்றால், பாதி அளவில் செய்துகொண்டுபோய் அச்சிடும்போது இரண்டு மடங்காக்கச் சொல்லவேண்டும்.

மையின் கதை இன்னும் வேடிக்கை. 1977-ல் ஜப்பானின் கேனன் கம்பெனி ஆய்வகத்தில், மை நிரப்பிய ஊசியின்மேல் சூடான சால்டரிங் அயர்ன் தெரியாத்தனமாகப் பட்டுவிட்டது. ஊசிமுனையிலிருந்து மை பீய்ச்சி அடித்தது. சூடுபட்டால் குமிழி, குமிழி தள்ளினால் துளி. இன்க்ஜெட் அச்சின் ஒரு முக்கியமான வழி அப்படிப் பிறந்தது. 1990-களில் தாள் உருளையிலிருந்தே நேரடியாக அச்சிடும் அகலமான இன்க்ஜெட் இயந்திரங்கள் பரவின. துண்டு துண்டாகக் குத்திய காலம் போய் ஒரே தாளில் முழுப் போஸ்டர். சுருட்டிக் குழாயில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

அளவு? உலகத்தின் பெரும்பகுதியில் ஏ0. 841க்கு 1189 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். இந்த விகிதத்தின் அழகை 1786-லேயே ஒரு கடிதத்தில் எழுதிவைத்தவர் லிச்டென்பெர்க் என்கிற ஜெர்மன் இயற்பியல் பேராசிரியர். 1922-ல் ஜெர்மனி அதைத் தர அளவாக்கியது. ஏ0 தாளை நான்கு முறை பாதியாக மடித்தால் ஏ4. இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. போஸ்டரை முதலில் ஏ4 தாளில் அச்சிட்டுப் பாருங்கள். எழுத்து கால்வாசியாகிவிடும், 24 பாயின்ட் 6 பாயின்டாகும். கையில் வைத்து நீங்களே படிக்கமுடியாவிட்டால், ஆறடி தள்ளி நிற்கிறவர் எப்படிப் படிப்பார்?

நான் பி.காம். எனக்குத் தெரிந்தது கணக்குதான். இணையத்திலிருந்து எடுத்த படம் ஆயிரம் புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ0-வின் அகலம் 33 அங்குலம். முழு அகலத்துக்கும் பரப்பினால் அங்குலத்துக்கு முப்பதே புள்ளி. கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருந்த முகம் தாளில் கட்டம் கட்டமாகத் தெரியும். அங்குலத்துக்கு நூற்றைம்பதாவது இருந்தால் தப்பிக்கலாம். நிறமும் அப்படித்தான். திரை ஒளியைக் கலக்கிறது, தாள் மையைக் கலக்கிறது. திரையில் பார்த்த நீலம் தாளில் ஊதாவாக வந்தால் அச்சுக்கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

சரி, கருவிகள் வந்துவிட்டன. கூடவே டெம்ப்ளேட்டும் வந்தது. கோல அச்சு மாதிரி. மாவைப் போட்டு உருட்டினால் வாசலில் கோலம் ரெடி. மேலே தலைப்பு, ஓரத்தில் கல்லூரி முத்திரை, முன்னுரை, முறை, முடிவு என்று மூன்று பத்தி. மாணவர்களின் நேரம் மிச்சமானது உண்மை. ஆனால் காலிக் கட்டத்தைப் பார்த்தால் நமக்குக் கை சும்மா இருக்குமா? கட்டுரையை அப்படியே கொண்டுவந்து கொட்டினார்கள். பேசுவதற்காகப் பிறந்த தாள் சுவரில் ஒட்டிய கட்டுரையாகிவிட்டது. நாலு வருட உழைப்பு, இரண்டு மணி நேர அமர்வு, கடந்து போகிறவர் தருவதோ சில விநாடி. பொடி எழுத்தைப் பார்த்ததும் அவர் காப்பி இருக்கிற பக்கம் நகர்ந்துவிடுகிறார்.

2019-ல் இதைப் பகிரங்கமாகப் போட்டு உடைத்தவர் மைக் மாரிசன். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆராய்ச்சி மாணவர். ஒரு கார்ட்டூன் வீடியோ வெளியிட்டார், கூடவே இலவசமாக ஒரு டெம்ப்ளேட். நடுவில் கண்டுபிடிப்பு, எல்லோருக்கும் புரிகிற ஒரே வாக்கியமாக, கொட்டை எழுத்தில். இடது ஓரம் சுருக்கம். வலது ஓரம் பேசும்போது தொட்டுக்காட்டப் படங்கள். முழுக் கட்டுரை வேண்டுமா? க்யூஆர் கோடைப் போனில் காட்டிக்கொள். நடு இடம் முழுவதையும் ஒரு வாக்கியமே அடைத்துக்கொண்டால் வரைபடம் எங்கே போகும் என்று சண்டைக்கும் வந்தார்கள். நியாயமான சண்டைதான். ஆனாலும் அந்தத் தாள் மறுபடி பேச்சுக்கு இடம் விட்டது.

அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு என்கிறீர்களா? 2009-ல் மியாமி பீச்சில் நடந்த கம்ப்யூட்டர் பார்வை மாநாடு. பெய்-பெய் லீயின் குழு, ரகம் பிரித்த 32 லட்சம் படங்களின் தொகுப்போடு வந்தது. பெயர் இமேஜ்நெட். அவர்களுக்கும் மேடை இல்லை, போஸ்டர்தான். மூன்றே வருடத்தில், அந்தத் தொகுப்பை வைத்து நடந்த போட்டியில் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் மூன்று பேர் ஜெயித்த விதம்தான் இன்றைய செயற்கை நுண்ணறிவு அலையின் முக்கியமான தொடக்கங்களில் ஒன்று.

எல்லாப் போஸ்டரும் இமேஜ்நெட் ஆகாது. பெரும்பாலானவை மாநாடு முடிந்ததும் அறைக் கதவின் பின்னால் சுருண்டு கிடக்கும். இருக்கட்டும். அடுத்த முறை ரயிலில் தோளில் நீளக் குழாயோடு ஒரு பெண் உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தால், "உள்ளே என்னம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் அவள் அதைச் சுமந்துகொண்டு போகிறாள்.