ரிக்கற் கிழித்துத் தந்த கை

ஊரிலிருந்து அம்மாவோ அப்பாவோ விசிட் விசாவில் வந்து இறங்கினால், அவர்களைத் தனியாக வெளியே விடலாமா என்ற பேச்சு முதல் வாரத்திலேயே எங்கள் வீடுகளில் தொடங்கிவிடும். பாதையைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். ரிக்கற் எடுப்பதைச் சொல்லிக் கொடுப்பதுதான் பெரும்பாடு. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நாற்பது வருடம் பஸ் ஏறி இறங்கிய மனிதர் மெல்பேணில் ஏன் தடுமாறுகிறார்? இதைப் பற்றி வானொலியில் பேசியபோது நேரம் போதாமல் விட்டுப்போனவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ரிக்கற் என்பது இன்னொரு மனிதரின் கையிலிருந்து வருவது. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் போனவர்களுக்கு அந்தச் சின்னத் தடித்த மட்டை ரிக்கற் ஞாபகம் இருக்கும். 1830களின் பிற்பகுதியில் தோமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேய நிலைய அதிபர் உருவாக்கியது அது. ஒவ்வொரு மட்டையிலும் தொடர் இலக்கம் உண்டு. மாலையில் எத்தனை இலக்கம் போயிருக்கிறது என்று பார்த்தால், பெட்டிக்குள் எவ்வளவு காசு இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு இது பிடித்த சங்கதி. ரிக்கற் பிறந்தது பயணிக்காக அல்ல, கணக்குப் பிள்ளைக்காக. பயணிக்கு அதைச் சுலபமாக்கியவர் யன்னலுக்கு அப்பால் இருந்தவர். இறங்கும் இடத்தின் பெயரைச் சொல்லிக் காசை நீட்டினால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

மெல்பேண் ட்ராம்களிலும் நெடுங்காலம் அப்படித்தான். தோளில் தோற்பையோடு கொண்டக்டர் வருவார், காசை வாங்குவார், ரிக்கற் தருவார், எங்கே இறங்குவது என்றும் சொல்லுவார். உலகப் போருக்குப் பிறகு வந்த குடியேறிகள் பலர் அந்த வேலையில் இருந்தார்கள். அரைகுறை ஆங்கிலத்தில் கேட்பவரிடம் அரைகுறை ஆங்கிலத்திலேயே பதில் சொல்லக்கூடியவர்கள்.

1989 இல் ஜோன் கெயினின் மாநில அரசு சுரண்டும் ரிக்கற்றைக் கொண்டு வந்தது. மில்க் பாரிலோ பத்திரிகைக் கடையிலோ முன்கூட்டியே வாங்கி, மாதம், திகதி, நேரம் என்று பயணியே நாணயத்தால் சுரண்ட வேண்டும். கொண்டக்டர்களை நிறுத்திச் செலவைக் குறைப்பதுதான் திட்டம். தொழிலாளர் மறுத்தார்கள். 1990 ஜனவரியில் கொண்டக்டர்களோடு, கட்டணம் வாங்காமலே ட்ராம்களை ஓட்டினார்கள். மின்சாரத்தை நிறுத்த அரசு ஆயத்தமானதும், ட்ராம்களை நகரின் நடு வீதிகளுக்குக் கொண்டு வந்து வரிசையாக நிறுத்திவிட்டார்கள். சுமார் ஒரு மாதம் அவை அங்கேயே நின்றன. கோடை விடுமுறைக்கு மெல்பேணைப் பார்க்க வந்தவர்கள் பார்த்தது ஓடாத ட்ராம்களைத்தான். அந்த வருடம் ஓகஸ்ட்டில் கெயின் பதவி விலகினார். அதற்கு வேறு பெரிய காரணங்களும் இருந்தன, மாநிலத்தின் நிதி நிலைமை முக்கியமானது. கொண்டக்டர்கள் இன்னும் சில வருடம் தப்பினார்கள்.

பிறகு ஜெஃப் கெனற்றின் அரசு மெற்காட் இயந்திரங்களைக் கொண்டு வந்தது. 1998 இல் கடைசிக் கொண்டக்டர்களும் போனார்கள். ட்ராமுக்குள் இருந்த அந்தப் பெரிய இயந்திரம் நாணயத்தை மட்டும்தான் வாங்கும், தாள் காசை வாங்காது. அன்றுதான் விமான நிலையத்தில் காசு மாற்றிய ஒருவரின் கையில் என்ன இருக்கும்? ஐம்பது டொலர் தாள்தான். ஓடும் ட்ராமில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நாணயம் தேடிய கிழவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொண்டக்டரின் சம்பளம் கணக்கேட்டிலிருந்து போய்விட்டது. ஆனால் அவர் செய்த வேலை போகவில்லை. அது பயணியின் தலையில் ஏறியது. பயணியின் நேரத்தையும் பதற்றத்தையும் எந்தக் கணக்கேட்டிலும் யாரும் பதிவதில்லை.

அடுத்தது மைக்கி அட்டை. 2005 இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மெல்பேண் ரயில்களுக்கு 2009 டிசெம்பர் 29 இலும், ட்ராம், பஸ்களுக்கு 2010 ஜூலையிலும் வந்தது. இரண்டு வருடத்தில் முடியும் என்ற வேலைக்கு ஒன்பது வருடத்துக்கு மேல் எடுத்தது என்றும், 999 மில்லியன் டொலர் வரவுசெலவு 1.55 பில்லியனாக ஏறியது என்றும் விக்ரோறியாவின் கணக்காய்வாளர் நாயகம் 2015 இல் அறிக்கை கொடுத்தார். இத்தனை செலவுக்குள்ளும் வெட்டப்பட்டது எது தெரியுமா? ஒரு தரம் பாவிக்கும் குறுங்கால ரிக்கற். ட்ராமில் ரிக்கற் விற்கும் இயந்திரமும் அதோடு போனது. இரண்டையும் 2011 இல் பெய்லியுவின் அரசு கைவிட்டது. 2012 கடைசியில் மெற்காட்டும் நின்றபோது, ஒரே ஒரு தடவை ட்ராமில் போக விரும்பிய விருந்தாளியும் ஆறு டொலர் கொடுத்து அட்டை வாங்க வேண்டி வந்தது. மிச்சம் பிடித்தவர்கள் விருந்தாளிக்கு அங்கே வாக்கு இல்லை என்பதைத் தெரிந்துதான் பிடித்தார்கள் என்று எனக்குப் படுகிறது.

ரிக்கற் இல்லாமல் பிடிபட்டால் அதே இடத்தில் 75 டொலர் கட்டலாம் என்ற முறை 2014 ஓகஸ்ட்டில் வந்தது. கட்டினால் மேன்முறையீடு இல்லை. சீருடையைக் கண்டாலே நெஞ்சு பதறும் சனம் நாங்கள். குற்றம் செய்தோமோ இல்லையோ, கட்டிவிட்டுப் போவோம். 2017 ஜனவரி முதலாம் திகதியோடு அது ஒழிக்கப்பட்டது நல்ல விஷயம். அதைவிட நல்லது, 2015 ஜனவரி முதல் நகர மத்தியில் வந்த இலவச ட்ராம் வலயம். குயின் விக்ரோறியா சந்தை, டொக்லண்ட்ஸ், ஸ்பிரிங் வீதி வரை அட்டையே வேண்டாம். ஊரிலிருந்து வருபவரைத் தனியே அனுப்பிப் பழக்க இதைவிட நல்ல இடம் இல்லை. எல்லையைத் தாண்டினால் மட்டும் கவனம்.

சிட்னியின் கதை வேறு. 2000 ஒலிம்பிக்ஸில் போட்டி ரிக்கற்றே ரயிலுக்கும் செல்லுபடியானதால் உலகமே சிக்கலின்றிப் பயணம் செய்தது. அதன் பிறகு நகரத்தவருக்கு ரி-காட் தருவதாகச் சொல்லி, அது சரிவராமல் 2008 ஜனவரியில் ஒப்பந்தத்தை அரசு முறித்தது. ஓபல் அட்டை 2012 டிசெம்பரில் ஒரு படகுச் சேவையில் தொடங்கியது. அட்டைக்குத் தனிக் காசு இல்லை, போடும் பணம் முழுவதும் பயணத்துக்கே. 2017 இல் மான்லி படகில் வங்கி அட்டையாலேயே கட்டும் வசதியைப் பரீட்சித்து, 2019 முடிவதற்குள் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். வெளிநாட்டு அட்டையும் வேலை செய்யும். ஆனால் ஓர் அட்டைக்கு ஓர் ஆள்தான். மகனின் அட்டையால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்துத் தட்ட முடியாது. பிள்ளைகளுக்கு வங்கி அட்டையைத் தட்டினால் பெரியவர் கட்டணம் போகும், ஆகவே அவர்களுக்குச் சிறுவர் ஓபல் எடுத்து வையுங்கள். எழுபத்தைந்து வயது அப்பாவாக இருந்தாலும், விசிட் விசாவில் வந்தவருக்கு முதியோர் தங்க ஓபல் கிடையாது.

இன்னொன்று, விமான நிலைய ரயில் பாதை. 2000 மே மாதம் தனியார் கூட்டோடு திறந்தது. அங்குள்ள இரண்டு நிலையங்களுக்கும் சாதாரண கட்டணத்துக்கு மேல் தனி நுழைவுக் கட்டணம் உண்டு. அதே பாதையிலுள்ள மஸ்கொற், கிறீன் ஸ்குவயர் நிலையங்களுக்கு 2011 மார்ச்சில் அதை நீக்கினார்கள். ஹோம்புஷ், ஸ்ற்ரத்ஃபீல்ட் பக்கம் இருப்பவர்கள் 420 ஆம் இலக்க பஸ்ஸை அறிந்து வைத்திருப்பது நல்லது. விமான நிலையத்திலிருந்து பேர்வூட்டுக்கு வரும், நுழைவுக் கட்டணம் கிடையாது. நேரம் கூட எடுக்கும், பெட்டிகளும் கனம். அதையும் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.